திரையிற் பதித்த தளம்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் மாணவரொருவர் கணினி விளையாட்டின் படவமைப்பைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பையும், வேறு சிலர்க்கு நகைப்பையும் விளைத்தல் கூடும். காரிகையையும் தண்டியலங்காரத்தையும் ஒருபுறம் ஒதுக்கிவிட்டு இவர் எங்கே சென்றாரென எம் வகுப்புத் தோழர்களே வினவியதுண்டு. யாம் கணினித்துறை மாணவரல்லோம். அத்துறையின் நுட்பங்களை முற்றக் கற்றோமென்று கூறவும் துணியோம். எனினும், சென்ற ஓராண்டில் அத்துறை நண்பரொருவருடன் கூடி ஒரு சிறு விளையாட்டிற்குப் படம் வரைந்ததனாற் பட்ட தொல்லையும் பெற்ற அறிவும் எம்முள்ளத்தே தங்கிவிட்டன. அவற்றுள் ஒரு பகுதி திரையைப் பற்றியது. மற்றொரு பகுதி எம்மைப் பற்றியது. இரண்டனையும் பிரித்துரைத்தல் இயலாமையின் ஒருங்கே உரைக்கின்றோம்.

விடுதியில் எமக்கு அடுத்த அறையில் வதிபவர் அந்நண்பர். யாம் ஓய்வுநேரத்திற் கட்டமிட்ட ஏட்டிலே, ஒவ்வொரு கட்டமாக வண்ணந் தீட்டி மரம், குடம், ஆடு முதலிய உருவங்களை வரைந்துகொண்டிருத்தலை அவர் பலநாட் கண்டிருந்தார். ஒருநாள் மாலை எம்மிடம் வந்து, தாம் ஒரு விளையாட்டினை இயற்றக் கருதியிருப்பதாகவும், அதற்கு வேண்டும் படங்களை யாம் வரைந்துதவ வேண்டுமென்றும் கேட்டனர். யாம் மகிழ்வுடன் இசைந்தோம். கட்டமிட்ட ஏட்டில் வரையும் பழக்கம் எமக்கு எங்ஙனம் வந்ததென்று அவர் வினவவில்லை; யாமும் கூறவில்லை. கூறாமைக்குக் காரணமுண்டு, அது பின்னர்ப் புலப்படும்.

விளையாட்டின் பொருள் எம்மூர் வாழ்க்கையினின்றும் எடுத்தது. குளத்திலிருந்து வாய்க்கால் வழியே வரும் நீரை, ஒரு சிறுவன் மடைதோறும் திறந்தும் அடைத்தும் கடைமடை வயல்வரை கொண்டுசேர்த்தல் வேண்டும். பொழுது விடிவதற்குள் கடைசி வயலுக்கு நீர் எட்டினால் வெற்றி. எட்டாவிடின் பயிர் வாடும். இதற்கு வயல், வரப்பு, வாய்க்கால், மடை, பனைமரம், கரை என 48 சதுரப் படங்களை வரைந்தோம். ஒவ்வொன்றும் அகலத்தில் 16 புள்ளியும் உயரத்தில் 16 புள்ளியும் உடையது. புள்ளியென்றது பிக்சல் என வழங்கப்பெறும் படப்புள்ளியை. இச்சதுரங்களைக் கணினியார் 'டைல்' என்கின்றனர். வீட்டுத் தளத்திற் பதிக்கும் டைல்ஸ் எதுவோ, பெயரளவில் அதுவே இது. ஒரே வயற்சதுரத்தை நூறிடத்துப் பதித்தால் நூறு வயல் தோன்றும்; வாய்க்கால் வளையுமிடத்து வளைவுச் சதுரத்தைப் பதித்தால் நீர் வளைந்தோடும். ஓவியர் வரைவது சிறிது. திரையில் விரிவது பெரிது.

இம்முறை தோன்றிய வரலாறு சுவையுடையது. ஜப்பான் நாட்டு நின்டெண்டோ நிறுவனத்தார் 1983-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஃபாமிகாம் என்னும் விளையாட்டுப் பொறியை வெளியிட்டனர். அதன் படத்தின் அளவு அகலம் 256 புள்ளி, உயரம் 240 புள்ளி. அப்படம் முழுவதையும் புள்ளி புள்ளியாக நினைவிற் கொள்ளுதற்கு, ஒரு புள்ளிக்கு இரண்டு பிட் வீதம், 15,360 பைட் வேண்டும். படத்தின் அமைப்பைக் குறித்துவைக்க அப்பொறியில் இருந்த நினைவகமோ 2,048 பைட் மட்டுமே. ஆதலின் அதனை வகுத்தோர் திரையை 8 புள்ளிச் சதுரங்களாகப் பகுத்தனர். அகலத்தில் 32, உயரத்தில் 30, ஆக 960 சதுரங்கள். எந்தச் சதுரத்தில் எந்த டைல் என்பதற்கு ஒவ்வொரு பைட்டாக 960, வண்ணக்குறிப்பிற்கு 64, மொத்தம் 1,024 பைட்டில் ஒரு திரை அடங்கிவிட்டது. வறுமையே இக்கலைக்குத் தாயாயிற்று. 1985-இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் என்னும் விளையாட்டில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே உருவம். வண்ணம் மாத்திரமே வேறு. வெண்மை பூசினால் மேகம், பசுமை பூசினாற் புதர். அதனை அறிந்தபின் அவ்விளையாட்டைக் காணுந்தோறும் எமக்கு அதனை இயற்றினோரின் சிக்கனத்தின்மேல் மதிப்பு மிகுகின்றது.

அக்காலத்து ஓவியர்க்கு ஒரு வசதியுண்டு. அவர் வரைவது எந்தப் பொறிக்கோ அந்தப் பொறியின் அளவு மாறாது. 1989-இல் வந்த கேம்பாய் என்னும் கைப்பொறியின் திரை 160-க்கு 144 புள்ளி, 8 புள்ளி டைல்களாக எண்ணினால் 20 நிரல், 18 வரிசை, சொச்சமின்றி முடியும். ஃபாமிகாமைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்தபொழுது படத்தின் ஓரம் பெட்டியின் விளிம்பில் மறைந்துபோதலுண்டு; அதனை முன்னறிந்து, எழுத்தையும் எண்ணையும் ஓரத்தில் வையாது உள்ளே தள்ளி வைத்தனர். அவ்வளவே அவர்தம் கவலை.

இன்று நிலைமை அங்ஙனமன்று. ஒருவர் மடிக்கணினியின் திரை 1366-க்கு 768. மற்றொருவரது 1920-க்கு 1080. கைப்பேசிகளோ ஆளுக்கொரு அளவு. வரைந்த படம் ஒன்று. அது சென்றமரும் இடங்கள் பல. எம் நண்பர் இதனை ஆராய்ந்து, படத்தின் அடிப்படையளவை அகலம் 320, உயரம் 180 எனக் கொண்டனர். அது நல்ல தேர்வே. அதனை 4 மடங்கு பெருக்கின் 1280-க்கு 720. 6 மடங்கு பெருக்கின் 1920-க்கு 1080. 8 மடங்கில் 2560-க்கு 1440. 12 மடங்கில் 3840-க்கு 2160. இக்காலத்துத் திரைகளிற் பல இவ்வளவுகளிலேயே வருகின்றன. நண்பரின் மடிக்கணினி 1366-க்கு 768 உடையதாகலின், 4 மடங்கிற் படம் அமைந்து, இருமருங்கும் 43 புள்ளியும், மேலுங்கீழும் 24 புள்ளியும் ஒழிந்து நின்றது. எம் வயல்கள் அதில் அழகாகவே விளைந்தன. ஐந்து திங்கள் உழைத்தோம். யாதொரு குறையும் கண்டிலோம்.

தைத் திங்களிற் கல்லூரியில் இருநாட் கண்காட்சி நிகழ்ந்தது. எம் விளையாட்டிற்கு ஒரு மேசையும், சுவரிற் படம் வீழ்த்தும் புரொஜெக்டர் ஒன்றும் கிடைத்தன. முதனாட் காலை, மாணவரும் ஆசிரியரும் சூழ்ந்து நிற்க, நண்பர் பொறியை இயக்கினர். அந்தோ! நீர் நிறைந்து பசுமை பொங்க வேண்டிய வயல் முழுவதும் கரிய கோடுகள் விழுந்திருந்தன. நெடுக்காகச் சில, குறுக்காகச் சில. கோடையில் நீரின்றி வெடித்த நிலம் எங்ஙனம் தோன்றுமோ அங்ஙனம் தோன்றிற்று. சிறுவன் நடக்குந்தோறும் அக்கோடுகளும் இடம்பெயர்ந்து ஊர்ந்தன. பின்னால் நின்ற மாணவரொருவர், "கடைமடைக்கு நீர் வந்தும் வயல் வெடித்திருக்கிறதே!" என்றனர், அனைவரும் நகைத்தனர்.

நகைப்பினுங் கொடியது அதன்பின் எம்மிருவரிடையே எழுந்த வழக்கு. எம் சதுரங்களின் விளிம்பு சரியாக வரையப்படாமையே இக்கோட்டிற்குக் காரணமென நண்பர் கூறினர். அதே சதுரங்கள் அவரது மடிக்கணினியிற் கோடின்றி நின்றனவன்றோ, ஆதலின் பிழை அவரது நிரலிலேயே உளதென யாம் கூறினோம். குரல் உயர்ந்தது. ஐந்து திங்கள் ஒருமேசையில் உண்டு உழைத்த இருவர் பலர் காண ஒருவரையொருவர் குறைகூறி நின்றோம். எம் கூற்று நியாயமுடையதேனும், அதனை மெய்ப்பிக்கும் வழி எமக்குத் தெரிந்திலது.

அன்று பிற்பகல் எம் தந்தையார் கண்காட்சியைக் காண வந்தனர். வருவாரென யாம் எதிர்பார்த்திலோம். அருகிலுள்ள நகரொன்றில் வேலை முடிந்து, அவ்வழியே பேருந்திலிருந்து இறங்கி வந்திருந்தனர். கையில் அன்னையார் கொடுத்தனுப்பிய முறுக்குப் பொதி. அவரது நகக்கண்களில் வெள்ளைச் சிமிட்டி உறைந்திருந்தது. அதனையே யாம் முதலிற் கண்டோமென்பதை ஈண்டு மறையாது எழுதுகின்றோம்.

எம் தந்தையார் வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கும் கொத்தனார். எமக்கு எட்டு வயதான காலந்தொட்டு, அவர் ஓர் அறையின் அளவைச் சொல்ல, யாம் கட்டமிட்ட ஏட்டில் ஒரு கட்டத்திற்கு ஒரு கல்லாக வரைந்து, எத்தனை முழுக்கல், எத்தனை வெட்டுக்கல் என எண்ணிக் கூறுவோம். கட்டத்தில் வண்ணந் தீட்டும் பழக்கம் அங்ஙனம் வந்ததே. ஆயினும் கல்லூரியிற் சேர்ந்த முதல் வாரத்தில், தோழரெல்லாரும் தத்தம் தந்தையர் இன்ன பணியினரென்று சொல்லிக்கொண்டிருந்தபொழுது, எம் தந்தையார் கட்டிடக் கன்ட்ராக்டர் என்று கூறிவிட்டோம். ஏன் கூறினோமென்று இன்றும் எம்மைக் கேட்டுக்கொள்கின்றோம். ஒருமுறை கூறியது பின்னர்த் திருத்துதற்கு அரிதாயிற்று; ஈராண்டாக அப்பொய் எம்முடனேயே விடுதியில் உறைந்தது.

தந்தையார் சுவரில் வீழ்ந்த படத்தைச் சிறிதுநேரம் நோக்கினர். அருகே சென்று விரலால் எண்ணினர். பின்னர், "தம்பி, படம் நன்றாயிருக்கிறது. ஆனால் மூன்றாவது கல்லுக்குப் பிறகு ஜாயிண்ட் விலகுகிறது. அப்புறம் எட்டாவது கல்லுக்குப் பிறகு; அப்புறம் பதின்மூன்று. ஐந்து கல்லுக்கு ஒருதரம் வருகிறது பார்," என்றனர். எம் நண்பர் திகைத்து, சதுரங்களை வரைந்ததில் தவறு இருக்குமோ என்று வினவினர். அதற்கு அவர், "கை பிசகினால் அங்கொன்று இங்கொன்றாகத் தெரியும், தம்பி. அளவு பிசகினால்தான் இப்படி வரிசையாகத் தெரியும். கல்லும் கோடும் ஒரே அளவில் இல்லை," என விடையிறுத்தனர்.

நண்பர் உடனே நிரலைத் திறந்து நோக்கினர். புரொஜெக்டரின் அளவு 1024-க்கு 768. அகலத்தை முழுதும் நிரப்புமாறு அவர் எழுதியிருந்தமையின், 320 புள்ளி 3.2 மடங்காகப் பெருகியிருந்தது. ஆகவே 16 புள்ளி டைல் ஒன்றிற்குத் திரையில் 51.2 புள்ளி வேண்டும். திரையிலோ அரைப்புள்ளியும் கால்புள்ளியும் இல்லை. டைலின் அகலத்தைக் கணக்கிடுமிடத்து நிரலானது பின்னத்தைத் தள்ளி 51 என்று கொண்டது. டைல் அமரும் இடத்தைக் கணக்கிடுமிடத்தோ, அருகிலுள்ள முழுவெண்ணைக் கொண்டது. முதற் டைல் 0-இல், இரண்டாவது 51-இல், மூன்றாவது 102-இல், நான்காவது 153.6 என்பது 154-இல். மூன்றாவது டைல் 102-இல் தொடங்கி 51 புள்ளி அகன்று 153-இல் முடிந்துவிட்டது. நான்காவது 154-இல் தொடங்குகிறது. இடையே ஒரு புள்ளி வெறிது. அதன்வழியே பின்புலத்தின் கருமை புறப்பட்டது. ஐந்து டைலுக்கு ஒருமுறை கணக்கு முழுவெண்ணாகி மீண்டும் இதே கதை. தந்தையார் கூறியது எழுத்துக்கு எழுத்து மெய்யாயிற்று. பிழை எம் கையிலுமில்லை, நண்பரின் அறியாமையுமன்று, இரண்டு அளவுகோல்களை ஒரே தளத்திற் பயன்படுத்தியதே பிழை.

நண்பர் வியந்து, "அப்பா கன்ட்ராக்டர் அல்லவா! அதனால்தான் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டீர்கள்," என்றனர்.

தந்தையார் ஒரு கணம் எம்மை நோக்கினர். அந்நோக்கிற் சினமில்லை. பின்னர் நண்பரிடம், "கன்ட்ராக்டர் எல்லாம் இல்லை, தம்பி. நான் டைல்ஸ் ஒட்டுகிற கொத்தனார்," என்று இயல்பாகக் கூறிவிட்டு, மீண்டும் படத்தின்பால் திரும்பினர். யாம் நாவெழாது நின்றோம். காலையில் ஐம்பதுபேர் நகைத்தபொழுது எய்தாத நாணம் அப்பொழுது எய்தினோம்.

அவர் அதனைப் பற்றி மேலும் ஒன்றுங் கூறாது, கூடத்தின் தாழ்வாரத்திற் குந்தியமர்ந்து, காலடியிலிருந்த தளத்தையே எங்களுக்குப் பாடமாக்கினர். அத்தாழ்வாரத்தின் ஒருபக்கம் முழுக்கல்லாகத் தொடங்கி, மறுபக்கச் சுவரோரம் இருவிரல் அகலக் கீற்றுக்கல்லாய் முடிந்திருந்தது. நாள்தோறும் அதன்மேல் நடந்தும் யாம் அதனைக் கண்டிலோம். "ஒரு அறை 10 அடி 3 அங்குலம். கல் 2 அடி. ஐந்து கல் முழுதாகப் போட்டால் ஓரத்தில் 3 அங்குலக் கீற்று நிற்கும். பார்க்க அசிங்கம், சீக்கிரம் உடையும். நான்கு கல் நடுவில் போடு. மீதி 2 அடி 3 அங்குலத்தை இரண்டாகப் பிரி. இரண்டு ஓரத்திலும் பதின்மூன்றரை அங்குலம் வரும். சொச்சம் இருக்கத்தான் இருக்கும். அது எங்கே விழவேண்டும் என்று நீ முதலிலேயே தீர்மானிக்கவேண்டும், அதுவாகப் போய் விழக்கூடாது," என்றனர். முன்னைய கல்லைப் பார்த்து அடுத்த கல்லை வைத்தலாகாது, கட்டிய நூலைப் பார்த்தே ஒவ்வொரு கல்லையும் வைத்தல் வேண்டுமென்பதும் அவர் கூறிய மற்றொன்று. பின்னர்ப் பேருந்திற்கு நேரமாயிற்றென்று எழுந்து சென்றனர். முறுக்குப் பொதியை நண்பரின் கையிற் கொடுத்தனர்.

அன்றிரவு யாம் இருவரும் உறங்கவில்லை. முதலில் நண்பர் எல்லா டைலையும் 51 புள்ளியென்றே கொண்டு, ஒன்றையொட்டி ஒன்றாக அடுக்கினர். கோடுகள் மறைந்தன. ஆனால் 20 டைல் சேர்ந்தால் 1020. வலப்புறம் 4 புள்ளி குறைந்தது. அதுவேயுமன்றி, சிறுவனின் இடம் இன்னும் 3.2 மடங்கிற் கணக்கிடப்பட்டமையின், வலப்புறஞ் செல்லச்செல்ல அவன் வரப்பினின்றும் விலகி நீரின்மேல் நடந்தான். முந்திய கல்லைப் பார்த்து அடுத்ததை வைத்ததன் பயன் அது.

அடுத்து, நூலைப் பார்த்து வைக்கும் முறையைக் கைக்கொண்டோம். ஒவ்வொரு டைலின் தொடக்கத்தையும் முடிவையும் இடப்புற விளிம்பினின்றே அளந்து, அருகிலுள்ள முழுவெண்ணாக்கினோம். டைல்கள் 51, 51, 52, 51, 51 என்னும் அகலங்களில் அமைந்தன, இடைவெளி இல்லை, ஒட்டுமொத்தமும் 1024-க்குச் சரியாயிற்று. ஆயினும் வேறொரு குறை புலப்பட்டது. 16 புள்ளியை 51-இல் விரித்தால் 13 புள்ளிகள் மும்மூன்றாகவும் 3 புள்ளிகள் நந்நான்காகவும் விரிந்தாக வேண்டும். சிறுவனின் ஒரு கண் சிறிதாகவும் மற்றொரு கண் பெரிதாகவும் தோன்றிற்று. அவன் நடக்க நடக்க அவை மாறிமாறிச் சிறுத்தும் பெருத்தும் மின்னின. ஒவ்வொரு புள்ளியும் ஆராய்ந்து வைக்கப்பட்ட இத்தகைய சிறுபடங்களில், ஒரு புள்ளியின் கோணலும் முகத்தின் கோணலாய் முடியும்.

இறுதியிற் பின்னத்தையே விலக்கத் துணிந்தோம். முதலில் 320-க்கு 180 அளவுள்ள மறைதாளொன்றில் எல்லாவற்றையும் முழுவெண் இடங்களிற் பதித்து, அத்தாள் முழுவதையும் ஒரேமுறை 3 மடங்காகப் பெருக்கித் திரையிலிட்டோம். படம் 960-க்கு 540 ஆயிற்று. இருமருங்கும் 32 புள்ளி, மேலுங்கீழும் 114 புள்ளி ஒழிந்தன. அகலத்தை நிரப்பிய முன்னைய படம் திரையின் முக்காற்பங்கைக் கொண்டது. இதுவோ ஏறக்குறைய மூன்றிலிரண்டு பங்கையே கொண்டது. நண்பர்க்கு அதனை இழக்க மனமில்லை. ஒழிந்த இடத்தில் வயலையே மேலும் விரித்துக் காட்டினால் என்னவென்று வினவினர். காட்டலாம், பல விளையாட்டுக்களில் அங்ஙனமே செய்வர். ஆனால் 768-ஐ 3-ஆல் வகுத்தால் 256. அஃதாவது 16 வரிசை தெரியும். கடைமடை வயல் தொடக்கத்திலேயே கண்ணிற் பட்டுவிடும். நீர் எட்டுமோ எட்டாதோ என்னும் ஐயமே எம் விளையாட்டின் உயிராதலின், பெரிய திரையுடையார் அதனை முன்னரே கண்டுகொள்ளுதல் முறையன்று. ஆகவே ஓரங்களை ஒழித்தே விட்டோம். வெறுங்கருமையாக விடாது, சுவரோரம் ஸ்கர்ட்டிங் ஒட்டுமாறு போல, பனையோலைப் பின்னல் வடிவில் ஒரு கரைப்பட்டை வரைந்து நிரப்பினோம். அளவில் மீந்தது அழகிற்கு உதவிற்று.

வெட்டுக்கல் பாடமும் வீண்போகவில்லை. 180-ஐ 16-ஆல் வகுத்தால் 11 வரிசையும் 4 புள்ளியும் வரும். ஐந்து திங்களாக எம் வயலின் அடியிற் கால்வரிசையொன்று கீற்றுக்கல்லாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அதனை யாம் குறையென்றே கருதியதில்லை. அவ்விரவில் வயலை 10 வரிசையாகக் குறைத்து 160 புள்ளிக்குள் அடக்கி, மேலே மீந்த 20 புள்ளியை நாழிகையும் மடைக்கணக்கும் காட்டும் பட்டையாக்கினோம். அலமாரியின் அடியில் வெட்டுக்கல்லை மறைக்கும் தந்தையாரின் உத்தியே அது.

இன்னும் இரண்டு செய்திகளை, இம்முயற்சியில் இறங்குவார்க்குப் பயன்படுமெனக் கூறி மேற்செல்வோம். வயல் திரையினும் நீண்டு, சிறுவனைத் தொடர்ந்து நகருமாயின், நகர்ச்சியின் அளவையும் முழுப்புள்ளியாகவே கொள்ளல் வேண்டும். திரையில் 20 நிரலே அடங்குமேனும், இடையில் நிற்கும்பொழுது இடப்புறம் ஒரு துண்டும் வலப்புறம் ஒரு துண்டுமாக 21 நிரல் கண்ணிற் படும். 20 மட்டுமே பதித்தால் ஓரத்தில் வெற்றிடம் தோன்றித் தோன்றி மறையும். இஃதொன்று. சில மடிக்கணினிகளில் எழுத்துப் பெரிதாகத் தெரியும்பொருட்டு 125 விழுக்காடு பெருக்கம் அமைத்திருப்பர். அவற்றில் உலாவியை வினவினால், 1920-க்கு 1080 உள்ள திரையை 1536-க்கு 864 என்று விடைகூறும். அதனை நம்பினால் உயரம் 4.8 மடங்கென்று பின்னம் மீண்டும் புகும். கண்ணாடியில் மெய்யாக உள்ள புள்ளியை உசாவியறிந்தால், சரியாக 6 மடங்கு. ஆதலின் சொல்லப்பட்ட அளவை நம்பாது, உள்ள அளவை அளந்து கொள்க. இஃது மற்றொன்று.

பொழுது புலருங்காலத்து, நண்பர் முறுக்கொன்றை ஒடித்துப் பாதியை எம்மிடம் நீட்டினர். யாம் அப்பொழுதே அவரிடம் உண்மையைக் கூறினோம்: தந்தையார் கன்ட்ராக்டர் என்றது எம் வாய்ப்பொய் என்றும், அவர் தம்மை அங்ஙனம் ஒருநாளும் கூறிக்கொண்டிலர் என்றும். நண்பர் சிறிதுநேரம் மொழியாதிருந்து, "காலையில் யானும் உம் படத்தைக் குறை கூறினேன், அதுவும் அளவாது கூறியதே," என்றனர். அதன்மேல் எம்மிருவர்க்கும் சொல்லத்தக்கது யாதுமில்லாதாயிற்று.

மறுநாட் கண்காட்சியில் வயல்கள் வெடிப்பின்றி நின்றன. முதனாள் நகைத்த மாணவரே மூன்றுமுறை ஆடி, மூன்றாம் முறை கடைமடைக்கு நீர் கொணர்ந்தனர். தந்தையாரிடம் தொலைபேசியில் இதனைக் கூறியபொழுது, "ஜாயிண்ட் தெரியவில்லையே?" என்று ஒன்றே வினவினர். தெரியவில்லையென்றோம். "அது போதும்," என்றனர். யாம் கூறக் கருதியிருந்த மற்றொன்றை அத்தொலைபேசியிற் கூற இயலவில்லை. அடுத்த விடுமுறையில், அவருடன் ஒரு புதுமனைக்கு வேலைக்குச் சென்று நூல் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கையிற் கூறினோம். அவர் கரண்டியை நிறுத்தாமல், "தெரியும், ஐயா. நூலை இழுத்துப் பிடி," என்றனர்.

திரையாயினும் தரையாயினும், முழுவெண்ணில் அடங்காத சொச்சம் ஒன்று எங்குமுண்டு. அதனை இல்லையென்று மறைக்கப் புகின், அது நடுவயலிற் கோடாய் வெளிப்படும். உள்ளதென்று ஏற்று அதற்கோர் இடம் வகுத்தால் ஓரத்தில் அமைதியாய் அடங்கும். இதனை யாம் நூலிற் கற்றிலோம். தாழ்வாரத்திற் குந்தியிருந்தவரிடம் கற்றோம். இவ்வாண்டு கல்லூரி அலுவலகத்தில் ஆண்டுப் படிவம் நிரப்பக் கொடுத்தனர். தந்தையின் தொழில் என்னும் இடத்தில், "டைல்ஸ் பதிக்கும் கொத்தனார்" என்று, கட்டத்திற்குள் அடங்குமாறு எழுதிக் கொடுத்தோம்.